வீதியும் வளவும்: ஒல்லாந்து நாட்டு வீதிப் பாதுகாப்பின் வரலாறு

ஊர் என ஒன்று அமைந்த காலந்தொட்டுத் தெருவும் அதனோடு உடன் தோன்றி வளர்ந்து வந்துள்ளது. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள வெளியாக மட்டும் தெரு என்றும் இருந்ததில்லை. பண்டம் விற்போர் கூவி விற்றதும், அயலவர் நின்று உரையாடியதும், திருவிழாக் காலத்தில் தெய்வம் எழுந்தருளியதும், சிறுவர் அந்திவரை விளையாடியதும் தெருவிலேயே ஆகும். நடப்போரும் குதிரையிற் செல்வோரும் வண்டியோட்டுவோரும் ஒருவரையொருவர் கண்டு விலகிச் சென்றனர். அவருள் மிக விரைந்து செல்பவரும், மெல்ல நடப்பவரை விலகச் செய்து முந்துதற்குக் குரல் கொடுக்க வேண்டியவராகவே இருந்தார். பன்னெடுங் காலம் நிலவிய இவ்வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் முதற் பாதியிலே அடியோடு மாறியது. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதன் விளைவை ஒரு நாட்டு மக்கள் எவ்வாறு திருத்த முனைந்தனர் என்பன ஆராயத்தக்கன.

இயந்திர வண்டிகள் முதன்முதலில் வீதிக்கு வந்தபோது சட்டம் பழைய தெருவின் பக்கமே நின்றது. பிரித்தானியப் பாராளுமன்றம் 1865 இல் இயற்றிய சட்டம், இத்தகைய வண்டிகள் நகரங்களில் மணிக்கு 2 மைலுக்கு மேலும், ஏனைய இடங்களில் மணிக்கு 4 மைலுக்கு மேலும் செல்லலாகாது என விதித்தது. வண்டிக்கு முன்னே ஒருவர் செங்கொடி ஏந்தி நடந்து செல்லவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதியாகும். இன்று அது நகைப்புக்கு இடமாகத் தோன்றலாம். எனினும், ஆபத்தைக் கொண்டு வருபவனே அதனைத் தடுக்கும் பொறுப்பையும் ஏற்றல் வேண்டும் என்னும் நீதி அதனுள் அடங்கியிருந்தது. 1896 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வேறொரு சட்டம் வேக எல்லையை மணிக்கு 14 மைலாக உயர்த்தியது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் இலண்டனின் பளிங்கு மாளிகை வளாகத்திலே பிரிட்ஜெற் டிரிஸ்கொல் என்னும் பெண்மணி மோட்டார் வண்டி மோதி இறந்தார். பிரித்தானியாவில் பெற்றோல் வண்டியால் உயிரிழந்த முதற் பாதசாரி அவரே.

அமெரிக்காவில் இம்மாற்றம் மேலும் தெளிவாகப் புலனாகின்றது. மோட்டார் வண்டிகள் பெருகிப் பாதசாரிகள், சிறப்பாகச் சிறுவர், பெருந்தொகையாக மாண்டபோது மக்கள் வெகுண்டெழுந்தனர். 1923 ஆம் ஆண்டு சின்சினாற்றி நகரில், எந்த மோட்டார் வண்டியும் மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓடாதவாறு ஒரு கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தப்படல் வேண்டும் என்ற மனுவிலே 42,000 க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். மோட்டார் வியாபாரிகள் அதனை முழுமூச்சுடன் எதிர்த்தமையால் அந்த முன்மொழிவு வாக்கெடுப்பில் தோல்வியடைந்தது. அதன்பின் குற்றம் வண்டியிலிருந்து பாதசாரியின் தலைக்கு மாறியது. கண்டவிடத்தில் வீதியைக் கடப்பவனை நாட்டுப்புறத்து மூடன் என இழித்துக் கூறும் புதுச்சொல் ஒன்று அந்நாட்டில் வழக்குப் பெற்றது. 1925 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் பாதசாரிகள் குறித்த கடவைகளிலேயே வீதியைக் கடத்தல் வேண்டும் எனச் சட்டம் செய்தது. பிற நகரங்களும் அவ்வழியைப் பின்பற்றின. இவ்வாறு தெருவின் உரிமை கைமாறியது. அதுவரை விளையாட்டிடமாக இருந்த தெரு, சிறுவனை அவன் வீட்டு வாயிலிலேயே தடுத்து நிறுத்தும் ஆபத்தான இடமாயிற்று.

நெதர்லாந்து எனவும் வழங்கும் ஒல்லாந்து நாடு, மேடு பள்ளம் அரிதான சமநிலம். அதனால் துவிச்சக்கர வண்டி அங்கே மக்களின் இயல்பான ஊர்தியாக வேரூன்றியது. எனினும் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்ச் செல்வம் பெருக, அந்நாடும் ஏனைய மேல்நாடுகளின் வழியையே பின்பற்றியது. பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டன. சதுக்கங்கள் வண்டித் தரிப்பிடங்களாயின. அகன்ற வீதிகள் நகரின் நெஞ்சகத்தை ஊடறுத்தன. 1967 இல் டேவிட் ஜொக்கினன் என்னும் அமெரிக்க நிபுணர் ஆம்ஸ்டர்டாமின் நடுவே பெருவழிகளைக் கொண்டு செல்லும் திட்டம் ஒன்றை முன்வைத்தார். அத்திட்டம் நிறைவேறவில்லையாயினும் அக்காலத்து எண்ணப்போக்கை அது நன்கு காட்டுகின்றது. இவ்வளர்ச்சிக்கு மக்கள் கொடுத்த விலை பெரிது. 1971 ஆம் ஆண்டில் வீதி விபத்துக்களில் மாண்ட சிறுவர் மாத்திரம் 400 க்கு மேற்பட்டோர். 1972 இல் இறந்தோரின் மொத்தத் தொகை 3,264 ஆகி, அந்நாட்டு வரலாற்றிலேயே உச்சத்தை எட்டியது.

விக் லங்கென்ஹொவ் என்னும் பத்திரிகையாளர் 1971 இல் தம் இளம் மகளை வீதி விபத்திலே பறிகொடுத்தவர். அடுத்த ஆண்டு அவர் தாம் பணியாற்றிய நாளிதழில் ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்ற தலைப்பில் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். விபத்து என்று அதுகாறும் கூறப்பட்டதனைக் கொலை என்று பெயரிட்டழைத்த அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயருமாயிற்று. தாய்மாரும் தந்தைமாரும் பிள்ளைகளுடன் வீதியில் இறங்கினர். ஆம்ஸ்டர்டாமின் நெருக்கமான குடியிருப்புப் பகுதிகளில் ஒன்றாகிய டி பைப்பில், பாடசாலைச் சிறுவர் தாமே முன்னின்று, தம் தெருக்களை வண்டிகளுக்கு அடைத்து விளையாட விடுமாறு கேட்டனர். 1973 இல் எண்ணெய் நெருக்கடி தோன்றவே, அரசாங்கம் நவம்பர் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் வண்டி ஓட்டுதலைத் தடைசெய்தது. வெறிச்சோடிய பெருவழிகளிலே மக்கள் நடந்தும் துவிச்சக்கர வண்டியிற் சென்றும் மகிழ்ந்தனர். இழந்த தெரு எத்தகையது என்பதை அந்த ஞாயிறுகள் பலருக்கு நினைவூட்டின. 1975 இல் துவிச்சக்கர வண்டி ஓட்டுவோரும் தமக்கெனச் சங்கம் ஒன்றை நிறுவினர்.

மக்களின் இக்கிளர்ச்சி பயனளித்தமைக்கு, அதற்கேற்ற வழியொன்று முன்னரே சிந்திக்கப்பட்டிருந்தமையும் காரணமாகும். 1963 இல் பிரித்தானியாவிலே கொலின் புக்கானன் தலைமையில் வெளிவந்த நகரப் போக்குவரத்து அறிக்கை, வீட்டுக்குள் அறைகளையும் நடைவழியையும் பிரித்துக் காண்பது போல, நகரிலும் வாழும் பகுதிகளையும் போக்குவரத்து வழிகளையும் பிரித்துக் காணவேண்டும் என வற்புறுத்தியது. இக்கருத்து பிரித்தானியாவில் அன்று பெரிதும் ஏட்டளவில் நிற்க, ஒல்லாந்தரே அதனைத் தெருவில் இறக்கினர். நகர அமைப்பு அறிஞராகிய நீக் டி பூர், வடகிழக்கிலுள்ள எம்மன் நகரின் புதிய குடியிருப்புக்களில் இதனைச் செயற்படுத்த முனைந்தார். பழைய நகரத் தெருவொன்றினை இம்முறையில் மாற்றியமைத்த பெருமை டெல்ஃப்ட் நகரையும், அங்குப் பணியாற்றிய யோஸ்ட் வால் என்னும் பொறியியலாளரையும் சாரும். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தில் நெடுந்தீவுக்கு இட்ட பெயர் இந்நகரின் பெயரே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இப்புதுத் தெருவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் ‘வூன்எர்ஃப்’ என்பதாகும். ‘வூன்’ என்பது குடியிருத்தலையும், ‘எர்ஃப்’ என்பது வீட்டைச் சூழ்ந்த நிலத்தையும் குறிக்கும். யாழ்ப்பாணத் தமிழில் வளவு என வழங்குவதே அந்த எர்ஃப். ஆகவே குடியிருப்பு வளவு என அதனைத் தமிழிற் கூறுதல் சாலப் பொருந்தும். வேறொருவருடைய வளவுக்குள் வண்டியோடு நுழைபவன், அங்கே விளையாடும் பிள்ளைகளை ஒலியெழுப்பி விரட்டுவானல்லன். தான் விருந்தினன் என உணர்ந்து மெல்லவே செல்வான். அவ்வுணர்வைப் பொதுத்தெருவிலும் உண்டாக்குதலே இவ்வமைப்பின் நோக்கமாகும். ஆயின் அவ்வுணர்வை அறிவிப்புப் பலகையால் மாத்திரம் உண்டாக்க இயலாது என அவர்கள் அறிந்திருந்தனர். எனவே நடைபாதைக்கும் வண்டிப்பாதைக்கும் இடையிலிருந்த விளிம்புக்கல்லை அகற்றினர். நேர்கோடாகக் கிடந்த பாதையை வளைத்து, வளைவுகளில் மரங்களையும் பூச்செடிகளையும் இருக்கைகளையும் அமைத்தனர். தூரத்துக்குப் பார்வை ஓடாதபோது வண்டியும் விரைந்து ஓடாது.

1976 இல் குடியிருப்பு வளவு சட்டத்தில் இடம்பெற்றது. அதன்படி பாதசாரிகள் தெருவின் முழு அகலத்தையும் பயன்படுத்தலாம். சிறுவர் அங்கே விளையாடலாம். வண்டிகள் நடைவேகத்துக்கு மேற்செல்லலாகாது. குறித்த இடங்களிலன்றித் தரித்து நிற்றலும் ஆகாது. பாதசாரியும் வண்டியை வீணே மறித்தல் கூடாது என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. உரிமையும் கடமையும் இருபாலார்க்கும் உண்டு. ஆயின் வேகத்தை இழக்கவேண்டியவன் வலியவனே. 1865 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த பழைய நீதி, செங்கொடி இன்றியே மீண்டும் உயிர்பெற்றது எனலாம்.

வேகத்தைக் குறைத்தலால் விளையும் நன்மையை மாணவர் எளிய கணக்கினால் அறியலாம். ஆபத்தைக் கண்ட சாரதி பிறேக்கை அழுத்துவதற்கு ஒரு செக்கன் எடுக்கின்றான் எனவும், உலர்ந்த வீதியில் வண்டியின் வேகம் செக்கனுக்குச் செக்கன் 7 மீற்றர் வீதம் குறைகின்றது எனவும் கொள்வோம். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி அந்த ஒரு செக்கனில் 8.3 மீற்றர் செல்லும். பின்னர் 5 மீற்றர் அளவில் நிற்கும். ஆக மொத்தம் 13.3 மீற்றர். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டியோ முதற் செக்கனிலேயே 13.9 மீற்றர் சென்றுவிடும். அஃதாவது, முதல் வண்டி முற்றாக நின்றுவிட்ட இடத்தைக் கடக்கும்போது இரண்டாம் வண்டியின் சாரதி பிறேக்கை இன்னும் தொடவேயில்லை. பந்தைத் துரத்தி ஓடிவரும் சிறுவன் 13.5 மீற்றர் தூரத்தில் இருப்பின், ஒருவன் அவனைத் தொடாமல் நிற்பான். மற்றவன் முழு வேகத்துடன் மோதுவான். இருவரும் ஒரே அளவு கவனமுடைய சாரதிகளே. அவர்களை வேறுபடுத்துவது மணிக்கு 20 கிலோமீற்றர் மாத்திரமே.

எல்லாத் தெருக்களையும் வளவுகளாக அமைத்தல் பெருஞ் செலவுடைய செயலாகும். ஆதலால் 1980 களில் மணிக்கு 30 கிலோமீற்றர் எல்லை விதிக்கப்பட்ட குடியிருப்பு வலயங்கள் சட்டத்தில் இடம்பெற்றன. 1988 இல் வளவு விதிகள் கடைத்தெருக்களுக்கும் பொருந்துமாறு விரிக்கப்பட்டன. 1992 இல் அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் ‘நிலைபேறான பாதுகாப்பு’ என்னும் கொள்கையை வகுத்தது. மனிதன் தவறிழைக்கும் இயல்பினன். அவனது உடலோ எளிதில் நொறுங்குவது. ஆகவே ஒருவன் இழைக்கும் தவறு உயிரைக் கொள்ளாதவாறு வீதி அமைதல் வேண்டும் என்பதே அதன் சாரம். விரைந்து செல்லும் பெருவழி, இடைப்பட்ட வழி, வீடு சேரும் தெரு என மூவகையாக வீதிகள் வகுக்கப்பட்டன. வேகம் மிக்க வீதிகளில் துவிச்சக்கர வண்டிக்குத் தனிப்பாதை; வேகம் குறைந்த தெருக்களில் யாவர்க்கும் ஒரே பாதை. ஒல்லாந்தில் எங்கும் தனிப்பாதையே உண்டு எனக் கருதுவோரும், எங்கும் கலப்பே உண்டு எனக் கருதுவோரும் பாதி உண்மையே கண்டவராவர். எங்கே கலத்தல், எங்கே பிரித்தல் என்பதனை வேகமே தீர்மானிக்கின்றது.

சட்டமும் இதற்குத் துணைநின்றது. 1994 ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 185 ஆம் பிரிவு, மோட்டார் வண்டியால் பாதசாரிக்கோ துவிச்சக்கர வண்டி ஓட்டுபவருக்கோ தீங்கு நேரின், தவிர்க்க இயலாத சூழ்நிலை இருந்ததென நிறுவப்பட்டாலன்றி, நட்டஈட்டுப் பொறுப்பு மோட்டார் வண்டிக்காரரையே சாரும் என்கின்றது. பாதிக்கப்பட்டவர் 14 வயதுக்கு உட்பட்ட சிறுவராயின், அவர் வேண்டுமென்றே ஆபத்தை வரவழைத்துக்கொண்ட அரிய சந்தர்ப்பம் ஒழிய, முழு ஈடும் வழங்கப்படவேண்டும் என்பது நீதிமன்றங்கள் கண்ட முடிபு. இது குற்றத்துக்குத் தண்டனை விதிக்கும் சட்டமன்று. ஆபத்தின் சுமையை யார் தாங்குவது என வகுக்கும் சட்டமாகும்.

இவ்வரலாற்றில் அடுத்த படியை அமைத்தவர் ஹான்ஸ் மொண்டர்மன் (1945–2008). வடக்கே பிரீஸ்லாந்து மாகாணத்தில் வீதிப் பாதுகாப்பு அலுவலராக விளங்கிய இப்பொறியியலாளர், 1980 களில் ஊடஹாஸ்க என்னும் கிராமத்திலே வேகத்தைக் குறைக்கும் பணியை ஏற்றார். வேகத்தடை மேடுகளையும் பலகைகளையும் கூட்டுவதற்கு மாறாக அவற்றைக் களைந்து, கிராமத்துத் தெருவைக் கிராமத்துத் தெருவாகவே தோன்றச் செய்தார். வண்டிகளின் வேகம் பெரிதும் தணிந்தது. பின்னர் திராக்தன் என்னும் நகரில், நாளொன்றுக்கு 20,000 வண்டிகளுக்கு மேல் கடக்கும் லவைபிளைன் சந்தியிலே சமிக்ஞை விளக்குகளை அகற்றி, அதனைச் சுற்றுவட்டத்துடன் கூடிய சதுக்கமாக மாற்றினார். காத்திருக்கும் நேரம் குறைந்தது, விபத்துக்களும் குறைந்தன. விளக்கையும் பலகையையும் நம்பும் சாரதி எதிரே உள்ள மனிதனைக் காணத் தவறுகின்றான். அவை இல்லாதவிடத்து மனிதனை நோக்கியே அவன் செயற்படுகின்றான் என்பது அவர் துணிபு. ஆயினும் பெருவழிகளுக்கு இம்முறை ஆகாது என்பதையும் அவர் தெளிந்திருந்தார்.

மொண்டர்மனின் புகழ் எல்லை கடந்து பரவியது. 2004 முதல் 2008 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் ஐந்து நாடுகளில் ‘பகிர்வெளி’ என்னும் திட்டம் நடைபெற்றது. இலண்டனில் அரும்பொருட் காட்சிச்சாலைகள் நிறைந்த எக்சிபிஷன் வீதி 2012 ஆம் ஆண்டளவில் விளிம்புக்கல் இன்றி ஒரே தளமாக அமைக்கப்பட்டது. இங்கேதான் இவ்வரலாற்றின் கடினமான வினா எழுந்தது. கண்ணோடு கண் நோக்கிச் சாரதியும் பாதசாரியும் வழியைப் பங்கிட்டுக்கொள்வர் என்றால், கண்ணிலார் யாது செய்வர்? பார்வையுடையோருக்கு வெறுங் கல்லாகத் தோன்றும் விளிம்பு, வெண்கோல் கொண்டு நடப்பவருக்கு வழிகாட்டும் எல்லையாகும். வழிகாட்டி நாயும் அவ்விளிம்பை அறிந்து நிற்கவே பழக்கப்படுகின்றது. அதனை அகற்றியவர், தம்மையறியாமலே ஒரு சாராரைத் தெருவிலிருந்து அகற்றியவராயினர். தாமே பார்வையிழந்தவரும் பிரபுக்கள் சபை உறுப்பினருமாகிய கிறிஸ் ஹோம்ஸ் 2015 இல் வெளியிட்ட அறிக்கையில், பகிர்வெளியைப் பயன்படுத்தியோருள் 63 வீதத்தினர் தம் அனுபவம் திருப்தியற்றது எனக் கூறியமையும், 35 வீதத்தினர் அத்தகைய இடங்களை வேண்டுமென்றே தவிர்த்தமையும் காணப்படுகின்றன. 2018 இல் பிரித்தானிய அரசாங்கம், போக்குவரத்து மிக்க இடங்களில் ஒரே தளமாக அமையும் புதிய திட்டங்களை நிறுத்திவைக்குமாறு உள்ளூராட்சிச் சபைகளைக் கேட்டுக்கொண்டது.

பகிர்வெளி என்னும் கொள்கையே பிழையானது என இதனைக் கொண்டு முடிவுகட்டுதல் பொருந்தாது. டெல்ஃப்ட் நகரத்துத் தெருவில் முதலிற் குறைக்கப்பட்டவை வேகமும் வண்டிகளின் தொகையுமாகும். விளிம்புக்கல் அதன்பின்னரே தேவையற்றதாயிற்று. பிற்காலத்துத் திட்டங்கள் சிலவற்றிலோ வண்டிகளின் ஓட்டம் முன்போல் இருக்க, கல்லும் பலகையும் மாத்திரம் அகற்றப்பட்டன. புறத்தோற்றம் ஒன்றாயினும் இவை இரண்டும் ஒன்றல்ல. முன்னையது வலியவனின் வலியைக் குறைத்தபின் பங்கிடுவது. பின்னையது வலியவனையும் மெலியவனையும் வெறுங்கையுடன் எதிரெதிரே நிறுத்திப் பங்கிட்டுக்கொள்ளுமாறு கூறுவது. அவ்வாறு கூறுமிடத்து யார் விலகுவர் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டா.

ஒல்லாந்தர் கண்ட பயனை எண்கள் காட்டுகின்றன. 1972 இல் 3,264 ஆக இருந்த மரணங்கள், வண்டிகள் பன்மடங்கு பெருகியபின்னும், 2022 இல் 745 ஆயின. இவ்வீழ்ச்சி முழுவதையும் தெரு அமைப்பின் பயன் எனல் மிகையாகும். மது அருந்தி வண்டி ஓட்டுதலுக்கு எதிரான 1974 ஆம் ஆண்டுச் சட்டமும், ஆசனப்பட்டியைக் கட்டாயமாக்கிய 1975 ஆம் ஆண்டு விதியும், மருத்துவத்தின் வளர்ச்சியும் அதிற் பங்குடையன. அன்றியும் பணி முற்றுப்பெற்றதுமில்லை. 2022 இல் இறந்தோருள் 291 பேர் துவிச்சக்கர வண்டியிற் சென்றவர். அவருட் பெரும்பாலோர் முதியோர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சிறுவருக்காகத் தொடங்கிய போராட்டம் இன்று முதியோரை நோக்கித் திரும்பவேண்டியுள்ளது. 2023 டிசம்பர் 8 ஆம் நாள் முதல் ஆம்ஸ்டர்டாம் நகரம் தன் வீதிகளுட் பெரும்பாலானவற்றில் வேக எல்லையை மணிக்கு 50 இலிருந்து 30 கிலோமீற்றராகக் குறைத்தமை, அவர்கள் ஓய்ந்திருக்கவில்லை என்பதற்குச் சான்றாகும்.

ஒல்லாந்து துவிச்சக்கர வண்டியின் நாடு என்பதனை அந்நிலத்தின் இயற்கையென்றோ மக்களின் பிறவிக்குணமென்றோ கூறி ஒதுக்குதல் எளிது. ஆயின் அதே நிலத்தில், அதே மக்களிடையேதான் ஓராண்டில் 400 க்கு மேற்பட்ட சிறுவர் மாண்டனர். நிலம் மாறவில்லை, மக்களின் துணிபே மாறியது. தம் குழந்தைகளின் சாவினை விதியென ஏற்க மறுத்த பெற்றோரும், அவர் குரலைக் கேட்டுத் தெருவை மாற்றியமைத்த பொறியியலாளரும், அதனை விதியாக்கிய சட்டசபையினரும் ஒருங்கு சேர்ந்தே இம்மாற்றத்தை விளைத்தனர். ஒரு தெரு நன்கு பங்கிடப்பட்டதா என அறிய, அதில் விரைந்து செல்வோரைக் கேட்டுப் பயனில்லை. பார்வையற்றவரும், கோலூன்றிய முதியவரும், பள்ளி செல்லும் சிறுமியும் அச்சமின்றி அதனைக் கடத்தல் இயலுமா என்பதே அதற்குரிய அளவுகோலாகும்.